முதலில் அளவு, பிறகு வகை

தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரே கம்பெனி பிஸ்கெட். இந்த மூன்றைத் தவிர வேறெதையும் தொடாத எட்டு வயதுப் பையனை உணவியல் நிபுணரிடம் அழைத்துப்போகும் பெற்றோர், கையோடு ஓர் அட்டவணை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போகிறார்கள். திங்களன்று கீரை, செவ்வாயன்று சுண்டல், புதனன்று முட்டை. விஷயம் தெரிந்த நிபுணர் அப்படி எதையும் எழுதித் தர மாட்டார். "தயிர் சாதத்தை இன்னும் இரண்டு கரண்டி கூட்டுங்கள். வறுவலை நிறுத்தாதீர்கள். பிஸ்கெட்டும் இருக்கட்டும்" என்பார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே அப்பா கேட்பார்: இதைச் சொல்லவா ஃபீஸ்?

ஆமாம், இதைச் சொல்லத்தான். உணவைத் தவிர்க்கும் நோய்க்கான ஊட்டச்சத்துச் சிகிச்சையில் முதல் விதியே இதுதான். பிள்ளை எதைச் சாப்பிடுகிறதோ அதை வைத்தே முதலில் உடம்பைத் தேற்ற வேண்டும். அதற்குப் பிறகே புதிய உணவுப் பக்கம் போக வேண்டும். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். 'அந்தக் கருமத்தை நிறுத்தினால்தான் நல்லதைச் சாப்பிடுவான்' என்று, அவன் சாப்பிடும் இரண்டு மூன்று பொருள்களையும் பிடுங்கிவிடுகிறோம். அவன் நல்லதையும் சாப்பிடுவதில்லை, பழையதும் போய்விடுகிறது. எடை இறங்குகிறது, பள்ளியில் மயங்கி விழுகிறான். அப்போதும் 'அடம்' என்றுதான் சொல்கிறோம்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரு கட்டத்தில் புதுச் சாப்பாட்டைக் கண்டால் முகம் சுளிக்கும். இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை அது உச்சத்தில் இருக்கும். பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். தணியாமல், உடம்பையும் வாழ்க்கையையும் பாதிக்கும் அளவுக்குப் போவதைத் தனி நோயாகவே 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் ஐந்தாவது நோயறிதல் கையேட்டில் சேர்த்தது. உணவைத் தவிர்த்தல் அல்லது குறுக்கிக்கொள்ளுதல் என்ற இந்தக் கோளாறுக்கு மருத்துவ உலகில் சுருக்கப் பெயர் 'ஆர்ஃபிட்'. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-வது நோய்ப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. அதற்கு முந்தைய அமெரிக்கக் கையேட்டில் இது பச்சிளம் பருவத்துக்கும் ஆறு வயதுக்குள்ளான குழந்தைகளுக்கும் உரிய சிக்கலாக மட்டுமே இருந்தது. இப்போது வயது வரம்பு இல்லை. முப்பது வயதுக்காரருக்கும் இது இருக்கலாம்.

எடை குறைவது அல்லது வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமல் போவது, சத்துக்குறைபாடு, குழாய் வழி உணவையோ சத்துப் பானங்களையோ நம்பியே உயிர் வாழ்வது, பள்ளி, வேலை, உறவு என்ற அன்றாட வாழ்க்கை முடங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலே கவனிக்க வேண்டும். வீட்டில் சாப்பாடு இல்லாததால் சாப்பிடாமல் இருப்பதும், விரதமும் நோன்பும் இந்தக் கணக்கில் வராது. ஒல்லியாக வேண்டும் என்ற ஆசையும் இதில் கிடையாது. இந்தக் கோளாறு உள்ளவர்களில் பலர் எடை கூடினால் போதும் என்று ஏங்குகிறவர்கள். பசியற்றுப்போன பதின்வயதுப் பெண்ணைப் பார்த்ததும் 'டயட்டில் இருக்கிறாளா?' என்று கேட்கும் மருத்துவர் இங்கேதான் தடம் மாறிவிடுகிறார்.

எடையை மட்டும் பார்த்து ஏமாந்துபோவதற்கு ஒரு கொடுமையான உதாரணம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் உண்டு. 2019-ல் அமெரிக்காவின் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் கண் மருத்துவர் டெனைஸ் ஆட்டனும் அவருடைய சகாக்களும் அதை எழுதினார்கள். அதில் வரும் பையன் தொடக்கப் பள்ளி நாளிலிருந்தே சில வகை உணவுகளின் தொடுவுணர்வைத் தாங்க முடியாமல் ஒதுக்கியவன். தினமும் பக்கத்துக் கடையின் உருளைக்கிழங்கு சிப்ஸ், டப்பாவில் வரும் பிரிங்கிள்ஸ், வெள்ளை ரொட்டி, பதப்படுத்திய பன்றி இறைச்சித் துண்டு, சாஸேஜ். உயரமும் எடையும் சரியாகத்தான் இருந்தன. 14 வயதில் களைப்பு என்று மருத்துவரிடம் போனபோது ரத்தச்சோகையும் பி12 குறைபாடும் தெரிந்தன. ஊசி போட்டார்கள், நன்றாகச் சாப்பிடச் சொன்னார்கள். 15 வயதில் காது மந்தமானது, பார்வை மங்கத் தொடங்கியது. காரணத்தைக் கண்டுபிடித்தபோது வயது 17. பி12 மட்டுமல்ல, செம்பு, செலினியம், வைட்டமின் டி எல்லாமே குறைந்திருந்தன. எலும்பின் அடர்த்தியும் குறைந்திருந்தது. கண் நரம்பு சேதமாகியிருந்தது. மேற்கொண்டு கெடாமல் நிறுத்த முடிந்ததே தவிர, போன பார்வை திரும்பவில்லை.

இந்தக் கதையைப் பகிர்கிறவர்கள் வழக்கமாக 'ஜங்க் ஃபுட் கண்ணைப் பறிக்கும்' என்று முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு உறுத்துவது 14 வயதில் நடந்ததுதான். நோய் கண்ணுக்குத் தெரிந்த நேரம் அது. 'நன்றாகச் சாப்பிடு' என்ற அறிவுரையும் கிடைத்தது. நன்றாகச் சாப்பிட முடியாததுதானே அவனுடைய நோய்? நொண்டுகிறவனிடம் நேராக நடக்கச் சொல்லி அனுப்பியதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நம் ஊர் வெளிநோயாளர் பிரிவில் ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் 'கீரை, பேரீச்சம்பழம், முருங்கைக்காய் எல்லாம் கொடுங்கம்மா' என்று சீட்டில் எழுதித் தருவதும் இந்த ரகம்தான்.

பந்தியில் ஒரு பிள்ளை

ஏன் சாப்பிட முடியவில்லை என்பதற்கு மருத்துவர்கள் மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். ஒரே ஆளிடம் இரண்டோ மூன்றோ சேர்ந்தும் இருக்கலாம்.

முதலாவது, புலன்களின் கூர்மை. ஒரு கல்யாணப் பந்தியில் இப்படிப்பட்ட பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். இலையில் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. அதன்மேல் அப்பளம் விழுகிறது, ஓரம் நமத்துப்போகிறது. அவன் சாப்பிடக்கூடிய ஒரே பொருள் அதோடு போயிற்று. பச்சடியின் தயிர் ஓடிவந்து உருளைக்கிழங்குக் கறியைத் தொடுகிறது. சாதம் விழுகிறது, அவன் கையைக் குறுக்கே நீட்டுவதற்குள் சாம்பார் விழுந்துவிடுகிறது. அதில் மிதக்கும் முருங்கைக்காய், கத்திரிக்காய்த் தோல், கறிவேப்பிலை. இடது பக்கத்தில் ஒருவர் ரசத்தை உறிஞ்சும் சத்தம், வலது பக்கத்தில் பாயசத்தைக் கையால் வழிக்கும் காட்சி. எதிரே இருக்கும் பெரியப்பா, 'ஏண்டா, சாப்பாட்டைப் பார்த்து இப்படி மூஞ்சியைத் தூக்குறே?' என்கிறார். பிள்ளைக்கு ஓங்கரிக்கிறது. அது நடிப்பில்லை, தொண்டை தானாகவே சுருங்கி எறிகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இந்த வகை அதிகம் காணப்படுகிறது. ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் வரும்.

இரண்டாவது, பசியே எடுக்காதவர்கள். நாலு வாயில் வயிறு நிரம்பிவிட்டது என்பார்கள், பொய்யில்லை. குறைவாகச் சாப்பிட்டே பழகிய வயிறு மெதுவாகத்தான் காலியாகும். இரும்புச் சத்தும் துத்தநாகமும் குறைந்தால் பசியும் ருசியும் இன்னும் மங்கும். சாப்பிடாததால் பசி போகிறது, பசி போனதால் சாப்பிடுவதில்லை.

மூன்றாவது, பயம். மீன் முள் ஒரு தடவை தொண்டையில் குத்தியிருக்கும், அல்லது இட்லி அடைத்துப் புரையேறி மூச்சு முட்டியிருக்கும், அல்லது பஸ்ஸில் எல்லோர் முன்பும் வாந்தி எடுத்திருப்பார். அன்றிலிருந்து கெட்டி உணவு நின்றுபோகும். கஞ்சியும் ரசமும் கரைத்த சாதமும்தான். நேற்றுவரை எல்லாம் சாப்பிட்டவர் என்பதால் வீட்டில் யாருக்கும் இது புரியாது. இந்த வகையில் உணவுக்குழாய் அழற்சி, விழுங்குவதில் குறைபாடு போன்ற உடல் காரணங்கள் இல்லை என்பதை மருத்துவர் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். 'எல்லாம் மனசுதான்' என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது.

இதெல்லாம் அம்மாவின் வளர்ப்புக் குறை என்று பேசுகிறவர்களுக்கு ஸ்வீடனிலிருந்து ஒரு பதில் உண்டு. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரையுள்ள ஏறத்தாழ 34,000 இரட்டைக் குழந்தைகளைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து 2023-ல் 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் வந்த ஆய்வு, இந்தத் தன்மையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சுமார் 79 சதவீதத்தை மரபணுக்கள் விளக்குகின்றன என்றது. அந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ 2 சதவீதம் பேரிடம் இந்தக் கோளாறின் அடையாளங்கள் இருந்தன. மரபு என்றால் மாறாது என்று பொருள் இல்லை. ஆனால், பழி போடும் விரலை மடக்கிக்கொள்ள இது போதும். மருமகளைக் குறை சொல்லும் பாட்டியிடம், அவருடைய மகன் சின்ன வயதில் என்னென்ன சாப்பிட்டான் என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். சுவாரஸ்யமான பதில் கிடைக்கும்.

திணித்தால் குறையும்

நம் வீடுகளில் அன்பைக் காட்டும் வழிகளில் முதலிடம் ஊட்டுவதற்கு. மூக்கைப் பிடித்து வாயைத் திறக்கவைப்பது, பூச்சாண்டி வருவான் என்பது, செல்போனில் வீடியோவைப் போட்டுவிட்டு அவன் கவனிக்காத நேரத்தில் வாயில் திணிப்பது, 'இந்த ஒரு வாய் அம்மாவுக்காக' என்று கெஞ்சுவது. எதுவும் பலிக்காவிட்டால் திருஷ்டி சுற்றுவது, அதற்கும் அசையாவிட்டால் தொக்கம் எடுக்க அழைத்துப்போவது. தொண்டையிலோ வயிற்றிலோ பழைய சோறு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, வயிற்றைப் பிசைந்தும் தொண்டையை அமுக்கியும் ஒரு பருக்கையை வெளியே எடுத்துக் காட்டுகிறார்கள். ஏற்கெனவே தொண்டையைப் பற்றிய பயத்தில் இருக்கும் குழந்தையின் தொண்டையில் கை வைப்பது என்ன செய்யும் என்று யாரும் யோசிப்பதில்லை. படித்தவர் வீட்டில் தொக்கத்துக்குப் பதிலாகப் பசி டானிக். அவற்றில் பலவற்றில் இருக்கும் சைப்ரோஹெப்டடின் உண்மையில் ஓர் ஒவ்வாமை மருந்து. பசியைத் தூண்டுவது அதன் பக்கவிளைவு, தூக்கம் வருவது இன்னொன்று. மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் ஊற்றும் சமாச்சாரம் அது இல்லை.

திணிப்பது பயன் தருமா என்பதை ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மழலைப் பள்ளிக் குழந்தைகளுக்கு சூப் கொடுத்து, ஒரு சூப்புக்கு மட்டும் 'முடித்துவிடு, முடித்துவிடு' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2006-ல் வெளியான முடிவு: வற்புறுத்தாதபோது குழந்தைகள் அதிகம் குடித்தார்கள், வற்புறுத்தியபோது குறைவாகக் குடித்ததோடு சூப்பைப் பற்றிக் குறையும் அதிகமாகச் சொன்னார்கள். இத்தனைக்கும் அவர்கள் எந்த நோயும் இல்லாத சாதாரணக் குழந்தைகள். பரிசு காட்டுவதும் இப்படித்தான். லீயன் பர்ச் என்ற உளவியலாளர் 1980-களில் செய்த சோதனைகளில், 'இதைக் குடித்தால் அது கிடைக்கும்' என்று பேரம் பேசிக் கொடுத்த பானத்தைக் குழந்தைகள் பிற்பாடு முன்பைவிடக் குறைவாக விரும்பினார்கள். கூலி கொடுத்துச் செய்யச் சொல்லும் வேலை நல்ல வேலையாக இருக்காது என்று குழந்தைக்கும் தெரிகிறது.

'பட்டினி போட்டால் தானாக வரும்' என்பது இன்னொரு வீட்டு வைத்தியம். சாதாரண அடம் பிடிக்கும் பிள்ளையிடம் அது பலிப்பதுண்டு. இந்தக் கோளாறு உள்ளவரிடம் பலிக்காது. அழுகிய மீனைத் தட்டில் வைத்து இரண்டு நாள் பூட்டிவைத்தால் நாம் என்ன செய்வோமோ, அதையே அவரும் செய்வார்.

ஆரஞ்சு பாக்கெட் பாலும் ஓமப்பொடியும்

சிகிச்சை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. முதல் சந்திப்பில் பாதி நேரம் கேள்விகளிலேயே போகும். மூன்று நாள் சாப்பிட்டதை எழுதி வரச் சொல்வார்கள். 'தோசை' என்று எழுதினால் போதாது. மொறுமொறுவா, மெத்தென்றா? சூடாகவா, ஆறியதா? எந்தத் தட்டில்? சட்னி அதே தட்டில் இருந்ததா, தனிக் கிண்ணத்திலா? எந்தக் கம்பெனி பிஸ்கெட், அதன் உறை மாறினால் சாப்பிடுகிறானா? உயரமும் எடையும் வளர்ச்சி வரைபடத்தில் கடந்த சில ஆண்டுகளாக எப்படிப் போயிருக்கின்றன என்று பார்ப்பார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, துத்தநாகம் எல்லாம் பார்க்கப்படும். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். பெரும்பாலும் இருக்கும், அதைச் சரிசெய்தாலே பலருக்குப் பசி கொஞ்சம் எடுக்கும்.

பிறகு அளவு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெனிஃபர் தாமஸ், கேம்ரின் எடி இருவரும் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக உருவாக்கி 2019-ல் நூலாக வெளியிட்ட சிகிச்சை முறை 20 முதல் 30 அமர்வுகள் கொண்டது. எடை குறைந்தவர் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரியைக் கூட்டுவதுதான் அதில் தொடக்க இலக்கு. அதையும் அவருக்குப் பிடித்த உணவிலேயே கூட்டச் சொல்கிறார்கள். இதை நம் தயிர் சாதப் பையனுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதத்தில் இரண்டு டீஸ்பூன் நெய் சேர்ந்தால் 90 கலோரி. ஆவின் நீல பாக்கெட் பாலில் தோய்த்த தயிருக்குப் பதில் ஆரஞ்சு பாக்கெட் பாலில் தோய்த்த தயிர் என்றால், ஒரு டம்ளருக்கு ஐம்பது அறுபது கலோரி கூடும். சாதம் கூட இரண்டு கரண்டி. வறுவல் கூட ஒரு கைப்பிடி. மாலையில் அதே பிஸ்கெட்டோடு ஒரு டம்ளர் பால். புதிதாக எதுவுமே தட்டில் வரவில்லை, 500 நெருங்கிவிட்டது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பாலை ஒரே நாளில் மாற்றினால் அந்தப் பையன் கண்டுபிடித்துவிடுவான். அவனுடைய நாக்கு அப்படிப்பட்டது. நாலு பங்கில் ஒரு பங்கு ஆரஞ்சு, ஒரு வாரம் கழித்து இரண்டு பங்கு என்றுதான் போக வேண்டும். அதுவும் அவனிடம் சொல்லிவிட்டு. தோசை மாவில் பீட்ரூட்டை அரைத்து ஒளிப்பது, தயிர் சாதத்தின் அடியில் பருப்பைப் புதைப்பது எல்லாம் யூடியூப் அம்மாக்களின் சாமர்த்தியமாகக் கொண்டாடப்படுகின்றன. இந்தக் குழந்தைகளிடம் அதைச் செய்தால், மறுநாளிலிருந்து தோசையும் தயிர் சாதமும் பட்டியலிலிருந்து போய்விடும். மூன்றாக இருந்தது ஒன்றாகும். உணவைத் தவிர்க்கும் குழந்தைகள் ஏற்கெனவே பிடித்திருந்த உணவை இழப்பது சிகிச்சையில் பெரிய பின்னடைவு. பல மாதங்கள் ஆனாலும் மீட்க முடியாமல் போகலாம்.

உணவு குறுகியிருக்கும் காலத்தில் விடுபடும் சத்துகளை மருந்தாகக் கொடுக்க வேண்டும். தயிர் சாதத்திலும் பிஸ்கெட்டிலும் வைட்டமின் சி கிட்டத்தட்ட இல்லை. ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் இருந்தாலே ஸ்கர்வி வராது. ஒரு சின்னக் கொய்யாத் துண்டில் அது இருக்கிறது. அந்தத் துண்டுதான் அவன் வாய்க்குள் போகாதது. கப்பல் மாலுமிகளின் நோய் என்று பாடப்புத்தகத்தில் படித்த ஸ்கர்வி, ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் தென்படுவதை மருத்துவ இதழ்கள் தொடர்ந்து பதிவுசெய்துவருகின்றன. குழந்தை நொண்டும், நடக்க மறுக்கும், ஈறில் ரத்தம் கசியும். மூட்டுவாதமோ ரத்தப் புற்றுநோயோ என்று ஸ்கேனும் எலும்பு மஜ்ஜைச் சோதனையும்வரை போய்விட்டு, கடைசியில் யாரோ ஒருவர் 'இவன் என்னதான் சாப்பிடுகிறான்?' என்று கேட்பார். வைட்டமின் சி கொடுத்தால் சில நாள்களில் வலி குறையத் தொடங்கும். சத்து மருந்தும் இவர்களுக்கு லேசில் இறங்காது. ஆரஞ்சு வாசனை சிரப்பைத் துப்புகிறவன், வாசனையில்லாத சொட்டு மருந்தைப் பாலில் ஏற்றுக்கொள்ளலாம். பி12 ஊசியாகப் போடலாம். எது ஒத்துவருகிறது என்று தேடுவதும் உணவியல் நிபுணரின் வேலைதான்.

உடம்பு ஓரளவு தேறிய பிறகுதான் வகை. அப்போதும் கீரையில் தொடங்குவதில்லை, ஏற்கெனவே சாப்பிடுவதற்குப் பக்கத்து வீட்டில் தொடங்குவார்கள். வறுவல் பிடிக்கிறது என்றால் உப்பும் மொறுமொறுப்பும் பிடிக்கிறது என்று பொருள். அடுத்தது அப்பளம். அதிலிருந்து தட்டை, முறுக்கு. முறுக்கிலிருந்து ஓமப்பொடி, அது கடலை மாவு, புரதம் உள்ளே வந்துவிட்டது. ஓமப்பொடியிலிருந்து வறுத்த பொட்டுக்கடலை, வேர்க்கடலை. நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம். இன்னொரு பக்கம் மொறுமொறு தோசை, பிறகு நெய் தோசை, பிறகு மேலே முட்டையை மெல்லிசாகத் தடவியது. நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைதான் கடலையை முழுசாகச் சாப்பிட வேண்டும், சின்னவர்களுக்குப் புரையேறும் அபாயம் உண்டு. தின்பண்டத்திலேயே ஏறிப் போகும் இந்த ஏணி, ஆரோக்கிய உணவு பற்றி மேடைகளில் பேசுகிறவர்களுக்கு ரசிக்காது. பரவாயில்லை.

புதுப் பண்டம் வாய்க்குள் போக வேண்டும் என்ற கட்டாயமும் தொடக்கத்தில் கிடையாது. ஒரு பப்பாளித் துண்டை மேசையில் வைத்துப் பார்ப்பது, தொடுவது, முகர்வது, நக்குவது, மெல்வது. ஒவ்வொன்றையும் விவரிக்கச் சொல்வார்கள். 'ஆரஞ்சு நிறம், ஓரம் வழவழன்னு இருக்கு, சோப்பு வாசனை.' நல்லா இருக்கா என்று கேட்க மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் டிஷ்யூவில் துப்பலாம். சாதாரணக் குழந்தைகளுக்கே ஒரு புதிய உணவு பழக ஏறத்தாழ பத்து, பதினைந்து முறை ருசி பார்க்க வேண்டியிருக்கிறது என்பது பர்ச்சின் காலத்திலிருந்து வந்த கணிப்பு. இவர்களுக்கு அதைவிட அதிகம். மூன்றாவது முறையிலேயே 'இவனுக்கு இது ஆகாது' என்று முடிவுகட்டும் வீடுகளில் ஏணி முதல் படியிலேயே நின்றுவிடுகிறது.

வீட்டுக்குக் கொடுக்கப்படும் விதி ஒன்றுதான். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் 1980-களில் வகுத்த வேலைப்பிரிவினை அது: எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெரியவர் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பொறுப்பு. கடுமையான ஆர்ஃபிட்டுக்கு இது மட்டும் போதாது என்று நிபுணர்களிடையே விவாதம் உண்டு, அது நியாயமும்கூட. ஆனால், சாப்பாட்டு வேளையில் சண்டை நின்றால்தான் சிகிச்சை உள்ளே நுழைய இடம் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. வாரக்கணக்கில் அநேகமாக எதுவுமே சாப்பிடாமல் எடை வேகமாக இறங்கியவருக்கு இந்த 500 கலோரிக் கணக்கை வீட்டில் முயலக் கூடாது. காய்ந்துபோன உடம்புக்குத் திடீரென உணவு வந்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து இதயமே நின்றுபோகலாம். இரண்டாம் உலகப் போரில் சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்தது இதனால்தான். இப்படிப்பட்டவரை மருத்துவமனையில் சேர்த்து, தயாமின் கொடுத்து, ரத்தத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு, மிகக் குறைவாகத் தொடங்கித்தான் ஏற்ற வேண்டும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, நாடித்துடிப்பு மெதுவாகிவிட்டது, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் அன்றே கிளம்ப வேண்டும்.

பணக்கார நோயா?

பசியோடு படுக்கும் குழந்தைகள் உள்ள நாட்டில் இதற்கெல்லாம் நிபுணர் கேட்பது ஆடம்பரம் என்று ஒரு வாதம் எழும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு ரத்தச்சோகை. தமிழ்நாட்டில் 57 சதவீதம். இந்தப் பெருங்கூட்டத்தில் பெரும்பாலோருக்குக் காரணம் ஏழ்மையும் உணவுப் பழக்கமும் குடற்புழுவும்தான், சந்தேகமில்லை. ஆனால், கூலி வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளை வெறும் வெள்ளைச் சோற்றைத் தவிர எதையும் தொடவில்லை என்றால், அவனும் இதே கூட்டத்தில் கலந்துவிடுகிறான். வசதியான வீட்டுப் பிள்ளைக்காவது நோய் என்று சொல்ல ஓர் ஆள் கிடைப்பார். இவனுக்கு இரும்புச் சத்து மாத்திரை கிடைக்கும், அந்த மாத்திரையையும் அவனால் விழுங்க முடியாது.

சத்துணவையே எடுத்துக்கொள்வோம். வெறும் சோறும் சாம்பாரும் என்ற அலுப்பைப் போக்கப் பலவகைக் கலவை சாதமும் மசாலா முட்டையும் வந்தது நல்ல மாற்றம். பெரும்பாலான பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். புலன் கூர்மையுள்ள பிள்ளைக்கு அதுவே சுவராகிவிடுகிறது. கலந்த சோற்றில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவனுக்கு மசாலா தடவாத வேகவைத்த முட்டையும், கலக்காத சோறும் தனியாக எடுத்துவைக்கச் சமையலருக்குக் கூடுதல் செலவு இல்லை. அப்படி ஒரு பிள்ளை இருக்கிறான் என்று ஆசிரியர் சொல்ல வேண்டும், சொல்வதற்கு அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் உப்புமா, கிச்சடி, பொங்கலுக்கும் இது பொருந்தும்.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் 18 வயதுவரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். எடையும் உயரமும் பார்க்கிறார்கள். பிரிஸ்டல் பையன் அந்தப் பரிசோதனையில் தேறியிருப்பான். கூடவே 'இவன் என்னென்ன சாப்பிடுவான், விரல் விட்டு எண்ணிச் சொல்லுங்கள்' என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும். எண்ணிக்கை பத்தைத் தாண்டவில்லை என்றால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பலாம். அங்கே குழந்தை மருத்துவரோடும் உளவியலாளரோடும் பேச்சுப் பயிற்சியாளரோடும், இதில் பயிற்சி பெற்ற முழுநேர உணவியல் நிபுணர் ஒருவர் இருக்க வேண்டும். மெல்லவும் விழுங்கவும் கற்றுத்தருவது ஒருவர் வேலை, பயத்தைத் தணிப்பது ஒருவர் வேலை, இதற்கிடையில் அந்தக் குழந்தை உயிரோடும் தெம்போடும் இருக்கப் பார்ப்பது உணவியல் நிபுணரின் வேலை. நம் மருத்துவமனைகளில் அந்தப் பதவியில் இருப்பவர்களின் நாள் முழுவதும் சர்க்கரை நோயாளியின் சாப்பாட்டுக் கணக்கிலேயே கழிந்துவிடுகிறது. 2021-ல் நிறைவேறிய இணை மருத்துவத் தொழிலர்களுக்கான சட்டம் உணவியல் நிபுணர்களையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதன்கீழ் வரும் பாடத்திட்டங்களில் இந்தக் கோளாறுக்கு இடம் வேண்டும். கலோரிக் கணக்கோடு சேர்த்து, அழும் அம்மாவிடமும் வாயை மூடிக்கொண்டிருக்கும் பிள்ளையிடமும் எப்படிப் பேசுவது என்ற பயிற்சியும் வேண்டும்.

வளர்ந்தவர்களுக்கு இந்த அளவு யோசனைகூட இங்கே இல்லை. கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் ஆண்டில் மெஸ் சாப்பாடு இறங்காமல் பிரெட்டும் பாலுமாக ஓட்டி எட்டுக் கிலோ இறங்கும் மாணவனுக்கு 'ஹோம்சிக்' என்று பெயர். மாமியார் வீட்டில் குழம்பைத் தொடாத மருமகளுக்குத் திமிர் என்று பெயர். அலுவலக விருந்துக்கு வராத ஊழியர் கஞ்சன். அவர்களில் பலர் பல ஆண்டுகளாக நோன்பு, அலர்ஜி, வயிற்றுப் புண் என்று பொய் சொல்லியே சமாளித்துவருகிறார்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தப் பொய்யையே சொல்லிவிடக் கூடாது. சாப்பிட முடிந்த பொருள்களின் பட்டியலையும், ஒதுக்கியவற்றை எந்த வயதிலிருந்து ஒதுக்கினோம் என்பதையும், கடந்த ஆறு மாத எடையையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனால், பேச வாய் வராவிட்டாலும் தாளை நீட்டலாம். பொது மருத்துவர் சிரித்தால், மனநல மருத்துவப் பிரிவும் உணவியல் பிரிவும் சேர்ந்தே உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அதே தாளோடு போகலாம்.